குருத்தா, தூதா? – தளர்ந்த இதயமும் குருத்தணு மருத்துவமும்

முன்னுரை

அடுக்கம் என்பது சங்கத் தமிழில் மலைச்சரிவைக் குறிக்கும் சொல். குறிஞ்சித் திணைப் பாடல்களைப் பயிலும் மாணவர்க்கு இச்சொல் புதியதன்று. பழனிமலைத் தொடரின் தென்சரிவில், பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலை நோக்கி ஏறும் மலைச்சாலையில், இச்சொல்லையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் ஒன்றியத்தைச் சேர்ந்தது அது. பெருமழைக் காலங்களில் மண் சரிந்து அச்சாலை அடைபடுவதுண்டு. அப்போது நோயாளி கீழே இறங்குவதும் மருந்து மேலே ஏறுவதும் ஒருங்கே தடைபடும்.

இத்தகைய ஊர்களில் இன்று ஒரு புதுமை நிகழ்கிறது. மருத்துவம் சென்று சேரும் முன்னரே மருத்துவம் பற்றிய சொல் சென்று சேர்ந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த அணுக்களை ஊசி வழியாக ஏற்றினால் பழுதுற்ற இதயம் புதிதாக முளைக்கும் என்ற செய்தி, கைபேசி வழியாக மலையுச்சி வரை போகிறது. அச்செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தமிழ் எழுத்து அந்த அளவுக்குப் போகவில்லை.

இதயத் தளர்ச்சி நோயில் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் எவ்வாறு பிறழ்கிறது, அதனைச் சீர்செய்யக் குருத்தணு மருத்துவம் எந்த அளவு உதவக்கூடும், அதனைத் தமிழில் சொல்லும்போது நாம் ஆளும் கலைச்சொல் நோயாளிக்கு நன்மை செய்கிறதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

இதயத் தளர்ச்சி

இதயம் கைப்பிடி அளவே உள்ள தசைப்பை. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு நூறாயிரம் முறை துடிக்கிறது. அதன் வலப்பக்கத்துக் குருதி நுரையீரலுக்குச் சென்று தூய்மையுற்று இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது என்ற உண்மையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் டமாஸ்கசில் கல்வி பயின்று கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவர் இப்னு அந்நஃபீஸ். 1288இல் மறைந்த அவர், தமக்கு முன்னிருந்த பேராசான்களான காலன், இப்னு சீனா ஆகியோரின் கருத்தைத் துணிந்து மறுத்தார். பெரியோர் கூற்றாயினும் ஆய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் அப்பண்பு இக்கட்டுரைப் பொருளுக்கும் இன்றியமையாதது.

ஆங்கிலச் சொல்லை அடியொற்றி 'இதயச் செயலிழப்பு' என்று பலரும் எழுதுகின்றனர். இச்சொல் இதயம் நின்றுவிட்டது போன்ற அச்சத்தை விளைவிக்கிறது. உண்மையில் இதயம் நிற்பதில்லை. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாமல் தளர்கிறது. ஆதலின் 'இதயத் தளர்ச்சி' என்ற சொல்லே பொருத்தமானது. சமவெளியில் வாழ்பவர் மாடிப்படி ஏறும்போது உணரும் மூச்சுத்திணறலை, அடுக்கத்தில் வாழ்பவர் தோட்டத்து மேட்டில் ஏறும்போது உணர்வார். கணுக்கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இரவில் எழுந்து உட்கார நேரும். இவற்றை முதுமை என்றோ மலைக்குளிர் என்றோ எண்ணிக் காலங்கடத்துவதே பெருங்கேடு.

இந்நோயின் கடுமையை உணர்த்த அண்டை மாநிலத்து ஆய்வொன்று போதும். 2013ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இதயத் தளர்ச்சியால் சேர்க்கப்பட்ட 1205 நோயாளிகளைப் பற்றிய பதிவேடு அது. அவர்களின் சராசரி அகவை ஏறத்தாழ 61. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்தனர். மேலைநாட்டு நோயாளிகளைக் காட்டிலும் நம்மவர் இளமையிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதும் அதனால் தெரிய வந்தது.

தோலில் காயம்பட்டால் புதுத்தோல் வளர்கிறது. இதயத் தசை அவ்வாறு வளராதா? 2009ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவைக் கொண்டு, மனித இதயத் தசையணுக்களின் வயதை அவர்கள் கணித்தனர். 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அணுக்களே புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அதுவும் பாதிக்கும் கீழே குறைகிறது. எனவே மாரடைப்பில் மடிந்த தசைக்கு ஈடாக இதயம் தானே தசையை வளர்த்துக்கொள்வதில்லை. அவ்விடத்தில் தழும்பே அமைகிறது. இந்தக் குறையை நிரப்பும் வேட்கையே குருத்தணு மருத்துவத்தின் தோற்றுவாய்.

வேலியே பயிரை மேய்தல்

உடலுக்குள் புகும் நுண்ணுயிர்ப் பகையை அழிப்பது நோய் எதிர்ப்பாற்றலின் தொழில். அத்தொழில் பிறழ்ந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். இதயத்தைப் பொறுத்தவரை இதற்கு நம் நாட்டில் நெடுநாள் அறிந்த சான்று முடக்குக் காய்ச்சலால் வரும் இதய வால்வு நோய். சிறுவர் தொண்டையில் ஒருவகைக் கிருமியால் புண் உண்டாகிறது. அக்கிருமியின் புறச்சுவரில் உள்ள புரதம் இதயத்துப் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்க எழுந்த எதிர்ப்பாற்றல் ஆள்மாறாட்டத்தால் இதய வால்வையும் தாக்குகிறது. வால்வு சுருங்கி இதயம் தளர்கிறது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடும் விலை மலிந்த பென்சிலின் ஊசி இந்நோய் மீண்டும் தாக்காமல் காக்கிறது.

மாரடைப்புக்குப் பின் நிகழும் பிறழ்ச்சி இதனினும் நுட்பமானது. தசை மடிந்தவுடன் வெள்ளையணுக்களின் முதற்படை அவ்விடத்தை அடைந்து சிதைவுகளை அகற்றத் தொடங்குகிறது. அடுத்து வருவன விழுங்கணுக்கள். அவை முதலில் எஞ்சிய கழிவை விழுங்குகின்றன. பின்னர்த் தம் இயல்பை மாற்றிக்கொண்டு, தழும்பு உறுதியாக அமையத் துணைபுரிகின்றன. இடிப்போரும் கட்டுவோரும் ஒரே குலத்தினர் என்பது வியப்புக்குரியது. இடிக்கும் பணி உரிய காலத்தில் நின்று கட்டும் பணி தொடங்கினால் இதயம் பிழைக்கும். இடிப்பு நில்லாமல் தொடர்ந்தால் நல்ல தசையும் சிதைந்து, இதய அறை விரிந்து, தளர்ச்சி முற்றும். இவ்வாறு தணியாமல் கனன்றுகொண்டிருக்கும் நிலையே நாட்பட்ட அழற்சி எனப்படுகிறது.

தளர்ந்த இதயமுடையோர் குருதியில் டி.என்.எஃப். எனப்படும் அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதை 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அப்படியாயின் அப்புரதத்தை முடக்கினால் நோய் தீரும் என்று கருதுவது இயல்பே. மூட்டழற்சி நோய்க்குப் பயன்பட்ட அத்தகைய மருந்துகள் இதய நோயாளிகளிடமும் ஆய்ந்து பார்க்கப்பட்டன. முடிவு ஏமாற்றம் அளித்தது. 2003இல் வெளியான ஆய்வில், மிகுந்த அளவில் அம்மருந்தைப் பெற்றோர்க்கு நோய் முற்றியதே அன்றித் தணியவில்லை.

இத்தோல்வி ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்தது. எதிர்ப்பாற்றல் முற்றாக ஒடுக்கத்தக்க பகையன்று, நெறிப்படுத்தத்தக்க காவல். அது மிகுந்தாலும் தீங்கு, அறவே இல்லையாயினும் தீங்கு. ஒரு மூலக்கூற்றை அடைக்கும் மருந்தைவிட, சூழலை அறிந்து கூட்டியும் குறைத்தும் செயற்படவல்ல ஓர் உயிரணுவே இப்பணிக்குத் தக்கது என்ற எண்ணம் வலுப்பெற்றது. குருத்தணு மருத்துவம் எதிர்ப்பாற்றலோடு இணைந்த இடம் இதுவே.

குருத்தணு: மெய்யும் மிகையும்

குருத்தணு என்று நாம் வழங்குவதன் மூலச்சொல்லை 1868இல் ஆண்டவர் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல். எல்லா உயிர்களுக்கும் மூதாதையாகிய ஒற்றை அணுவை அவர் அச்சொல்லால் குறித்தார். குலமரத்தின் அடிமரம் என்பதே அதன் உட்பொருள். பின்னர், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் வேறுவகை அணுக்களாக மாறவும் வல்ல அணு என்னும் பொருள் நிலைத்தது.

இப்பொருளுக்கு முழுதும் தகுதியுடையவை எலும்பு மஜ்ஜையில் உள்ள குருதியாக்கும் குருத்தணுக்கள். சிவப்பணு, வெள்ளையணு, குருதித் தட்டணு ஆகிய யாவும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. மஜ்ஜை மாற்று மருத்துவம் இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அப்பணியைத் தமிழகத்தில் தொடங்கிவைத்தது. அதே வேலூரில் உள்ள குருத்தணு ஆய்வு மையத்தின் துணையுடன், குருதி உறையாமை நோயுடைய ஐவருக்கு அவர்களின் சொந்தக் குருத்தணுக்களிலேயே குறையுற்ற மரபணுவின் நற்படியைச் சேர்த்து ஏற்றிய ஆய்வின் முடிவு, 2024 திசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. குருத்தணு மருத்துவம் என்பதே பொய் என்று கூறுவார்க்கு இது மறுமொழி.

இதயத்தின் கதை வேறு. 2001ஆம் ஆண்டில் பியரோ அன்வெர்சாவும் அவர்தம் குழுவினரும், எலிகளின் பழுதுற்ற இதயத்தில் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தியபோது புதிய இதயத் தசை பெருமளவில் உருவாயிற்று என்று எழுதினர். உலகம் மகிழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளில் மனிதரிடமும் இம்முறை ஆய்ந்து பார்க்கப்பட்டது. ஆயின் 2004இல் வேறு இரு குழுவினர் தனித்தனியே அச்சோதனையைச் செய்து பார்த்து, மஜ்ஜை அணுக்கள் இதயத் தசையாக மாறவில்லை என்று அறிவித்தனர். சர்ச்சை பல்லாண்டு நீடித்தது. ஈற்றில் 2018 அக்டோபரில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதனைச் சார்ந்த மருத்துவமனையும், அன்வெர்சாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியான 31 கட்டுரைகளில் பொய்த்தரவுகள் உள்ளன என்றும் அவை திரும்பப் பெறப்பட வேண்டும் என்றும் இதழ்களுக்குத் தெரிவித்தன.

அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்று இதனைப் பாராட்டலாம். ஆயினும் திருத்தம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. முதற்செய்தி பரவிய விரைவில் திருத்தம் பரவவில்லை. 'இதயம் முளைக்கும்' என்ற விளம்பரம் இன்றும் உயிரோடிருப்பதன் காரணம் இதுவே.

முளைப்பதன்று, தூதுரைப்பது

புதிய தசை உருவாகவில்லையாயின், சில சோதனைகளில் இதயத்தின் ஆற்றல் சிறிது கூடியது எவ்வாறு? இவ்வினாவுக்கு 2019இன் இறுதியில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எதிர்பாராத விடை தந்தது. எலிகளின் பழுதுற்ற இதயத்தில் உயிருள்ள குருத்தணுக்களைச் செலுத்தினர். வேறு சில எலிகளுக்கு அதே அணுக்களைக் கொன்று செலுத்தினர். இன்னும் சிலவற்றுக்கு அணுவே இன்றி, எதிர்ப்பாற்றலைத் தூண்டவல்ல ஈஸ்ட் பொருளொன்றைச் செலுத்தினர். மூன்று முறைகளிலும் இதயம் ஓரளவு தேறியது. ஆனால் விழுங்கணுக்களை நீக்கியோ எதிர்ப்பாற்றலை ஒடுக்கியோ பார்த்தபோது அந்நன்மை மறைந்தது. செலுத்தப்பட்ட பொருள் அன்று, அதனால் எழுந்த எதிர்ப்பாற்றலின் செயலே தழும்பைச் செம்மைப்படுத்தியது என்று தெளிந்தது.

இக்கருத்துக்கு அரண் செய்யும் இன்னொரு செய்தியும் உண்டு. மஜ்ஜையில் குருதியாக்கும் அணுக்களேயன்றி இடையிழைய அணுக்கள் என்னும் வேறொரு வகையும் உள்ளது. இதய மருத்துவ ஆய்வுகளில் பெரிதும் பயன்படுபவை இவையே. இவற்றுக்கு 1991இல் குருத்தணு என்று பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு கேப்லன். அவரே 2017இல், இப்பெயர் நோயாளிகளைத் தவறான நம்பிக்கைக்கு உள்ளாக்குகிறது, ஆதலின் பெயரை மாற்றுக என்று எழுதினார். இவ்வணுக்கள் சென்ற இடத்தில் உறுப்பாக மாறுவதில்லை. சில காலம் தங்கி, அழற்சியைத் தணிக்கும் குறிப்புகளைச் சுரந்து, மறைகின்றன என்பது அவர் கண்ட உண்மை.

மனிதரிடம் நிகழ்ந்த ஆய்வுகளுள் பெரியது, 2023இல் முடிவு வெளியான ட்ரீம் எச்.எஃப். என்னும் ஆய்வு. வட அமெரிக்காவில் 537 நோயாளிகள் இதில் சிகிச்சை பெற்றனர். ஒரு பகுதியினர்க்குக் கொடையாளரிடம் பெற்று வளர்த்த 15 கோடி இடையிழைய அணுக்கள் இதயச் சுவரில் செலுத்தப்பட்டன. மற்றவர்க்கு அணு இல்லாத பாவனைச் சிகிச்சை செய்யப்பட்டது. இதயத் தளர்ச்சி முற்றி மீண்டும் மீண்டும் மருத்துவமனை சேர்வதைக் குறைப்பதே ஆய்வின் முதற்குறிக்கோள். அது நிறைவேறவில்லை. எனினும் அணுக்களைப் பெற்றோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்து காணப்பட்டன. குருதியில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மிகுந்திருந்தவர்களிடம் இக்குறைவு இன்னும் தெளிவாக இருந்தது.

இதனை எவ்வாறு கொள்வது? வெற்றி என்று கூறவியலாது. முதற்குறிக்கோள் தவறியபின் துணைக்குறிக்கோளில் கிடைத்த நன்மை, மற்றோர் ஆய்வால் உறுதிப்பட வேண்டியது. வீண் என்றும் கூறவியலாது. அழற்சி மிகுந்தவர்க்கே நன்மை மிகுதி என்பது, இவ்வணுக்கள் எதிர்ப்பாற்றலின் வழியே செயற்படுகின்றன என்ற கருத்தோடு இயைகிறது. மாற்று மஜ்ஜை பெற்ற குழந்தைகளின் உடலை அம்மஜ்ஜையின் எதிர்ப்பணுக்களே தாக்கும் கொடிய நிலைக்கு, இடையிழைய அணு மருந்தொன்றை 2024 திசம்பரில் அமெரிக்க அரசு ஏற்றதும் இங்கு எண்ணத்தக்கது. அது தசையை வளர்க்கும் மருந்தன்று. சினந்த எதிர்ப்பாற்றலை ஆற்றுப்படுத்தும் மருந்து.

நம் நாட்டு முயற்சிகள்

இத்துறையில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார், இதய அறை விரிந்து தளர்ந்த நோயாளிகளுக்கு அவர்தம் மஜ்ஜை அணுக்களையே இதயத் தமனி வழியாகச் செலுத்தி, அதன் முடிவை 2006இல் வெளியிட்டனர். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் விகிதம் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. இது ஊக்கமளிக்கும் செய்தி. ஆயின் சிறிய ஆய்வு. சிறிய ஆய்வில் தோன்றும் நன்மை பெரிய ஆய்வில் மங்குவதை இத்துறை பன்முறை கண்டிருக்கிறது.

பெங்களூரில் உருவான இடையிழைய அணு மருந்தொன்று, மாரடைப்பு நோயாளிகளிடம் ஆய்வு செய்யப்பட்டு, தீங்கற்றது என 2015இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அம்மருந்துக்கு 2016இல் வரையறையுடன் கூடிய அரசு ஒப்புதல் கிடைத்தது இதய நோய்க்காக அன்று; பெரும்பாலும் புகைப்பழக்கமுடையோர்க்கு வரும், காலின் குருதிக்குழல் அடைபடும் நோய்க்காகவே. ஒரு நோய்க்கு ஒப்புதல் பெற்ற அணு எல்லா நோய்க்கும் ஒப்புதல் பெற்றதாகாது என்பதை இங்கு அழுந்தக் கூற வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் இவ்வகையில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றன. குருதி தொடர்பான நோய்கள் முதலிய ஏற்கப்பட்ட சிலவற்றுக்கு மஜ்ஜைக் குருத்தணு மாற்று செய்யலாம். ஏனைய நோய்களுக்குக் குருத்தணுவைப் பயன்படுத்துவது ஆய்வாகவே கருதப்படும். உரிய ஒப்புதலோடு, பதிவு செய்யப்பட்ட ஆய்வுக்குள்ளேயே அது நிகழ வேண்டும். இதயத் தளர்ச்சியும் அந்த 'ஏனைய' என்பதனுள் அடங்குவதே. 2009 முதல் மருத்துவ ஆய்வுகள் யாவும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது விதி. அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆகவே ஆய்வு என்ற பெயரில் பெருந்தொகை கேட்கப்படுமாயின், அதுவே எச்சரிக்கை மணி.

சொல்லின் பொறுப்பு

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. ஆய்வில் பங்கேற்கும் நோயாளிக்கு அதன் நன்மை தீமைகளை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது சட்டம். அம்மொழி இங்குத் தமிழ். ஒப்புதல் படிவத்தில் உள்ள ஒரு சொல் ஒரு குடும்பத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது.

தமிழில் மருத்துவம் சொல்லும் முயற்சி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நம் காலத்தில் மணவை முஸ்தபா அவர்கள் மருத்துவக் கலைச்சொற்களைத் திரட்டி அகராதிகளாக்கித் தம் வாழ்நாளை அப்பணிக்கே ஈந்தார், 2017இல் மறைந்தார். அவ்வழியில் வருவோர், சொல்லின் அழகோடு அதன் விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதழ்களிலும் நூல்களிலும் தண்டுச் செல், மூல உயிரணு, குருத்தணு, ஸ்டெம் செல் என நான்கு வழக்குகள் காணப்படுகின்றன. 'தண்டு' என்பது செடியின் உறுப்பை நினைவூட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, கருத்தை உணர்த்தாது. 'குருத்து' ஆழமான சொல். மாவுக்குத் தளிர் என்போம். வாழைக்கும் பனைக்கும் தென்னைக்கும் குருத்து என்போம். பனையின் ஓலைகள் யாவும் உச்சியிலுள்ள ஒரே குருத்திலிருந்து தோன்றுகின்றன. குருத்து அழிந்தால் மரமே அழியும். எல்லாக் குருதியணுக்களையும் பிறப்பிக்கும் மஜ்ஜை அணுவுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

ஆனால் அதே சொல்லை இடையிழைய அணுவுக்கும் ஆளும்போது இடர் நேர்கிறது. குருத்து என்றால் முளைக்கும் என்பதே மக்கள் பொருள். வாழைக்கட்டை வைத்தவர் கன்றை எதிர்பார்ப்பது போல, குருத்தணு ஏற்றிக்கொண்டவர் புதிய இதயத் தசையை எதிர்பார்ப்பார். உண்மையில் அவ்வணு செய்வது தூதின் பணி. சென்று, உரைத்து, மறைவதே அதன் இயல்பு. ஆதலின் குருதியாக்கும் அணுவைக் குருத்தணு என்றும், இடையிழைய அணுவைத் தூதணு என்றும் பிரித்து வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. தூது இலக்கியம் பயின்ற தமிழர்க்கு இப்பெயர் எளிதில் விளங்கும். தூதின் பயன் கேட்பவர் நிலையைப் பொறுத்தது என்பதும் உடன் விளங்கும்.

அடுக்கத்து நோயாளிக்கு ஆவன

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளை வைக்கிறது. அடுக்கத்தில் ஒருவருக்கு இதயம் தளர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவருக்கு இன்று பயன்படுவன எவை?

முதலாவது, மெய்ப்பிக்கப்பட்ட மாத்திரைகள். குருதிக்குழலைத் தளர்த்தும் மருந்து, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் மருந்து, ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகிய நான்கும் இன்றைய மருத்துவத்தின் நான்கு தூண்கள். ஸ்பைரோனோலாக்டோன் என்னும் விலை மலிந்த மாத்திரை, கடுந்தளர்ச்சி உடையோரின் இறப்பை நூற்றுக்கு முப்பது பங்கு குறைத்ததை 1999ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நீரிழிவு மருந்தாக வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாதவரின் தளர்ந்த இதயத்தையும் காப்பதை 2019ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. 2020இல் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிவுற்றபின் விலையும் குறைந்தது. குருத்தணு ஊசி எதுவும் இதுகாறும் இத்தகைய சான்றைப் பெறவில்லை. ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே கேடாகும்.

இரண்டாவது, எதிர்ப்பாற்றலை வீணே தூண்டாமை. சளிக்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் தளர்ந்த இதயத்தை நிலைகுலையச் செய்யும். அவற்றுக்குரிய தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். சிறுவரின் தொண்டைப் புண்ணையும் மூட்டு வீக்கத்தையும் புறக்கணியாது காட்ட வேண்டும். பல்லையும் ஈறையும் பேணுவதும், புகையை விடுவதும் இதனுள் அடங்கும்.

மூன்றாவது, இல்லத்தாரின் கண்காணிப்பு. நாள்தோறும் காலையில் எடை பார்த்தல் வேண்டும். ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடலில் நீர் தங்குகிறது என்பது பொருள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் சாலை அடைபடும் என்பதை அறிந்த ஊரார், ஒரு மாதத்து மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்தல் நன்று. நோன்பு நோற்க விரும்புவோர் மாத்திரை வேளைகளைத் தாமே மாற்றாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது.

எவரேனும் குருத்தணுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் நான்கு வினாக்களைக் கேட்கலாம். இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, அதன் பதிவு எண் யாது? இதே நோய்க்கு அரசின் ஒப்புதல் உண்டா? எதற்காகப் பணம் கேட்கப்படுகிறது? என் மாத்திரைகள் தொடருமா? இவற்றுக்கு நேர்விடை கூறாதவரிடம் நிலத்தை விற்ற பணத்தைக் கொடுத்தல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளாவன:

1. இதயத் தளர்ச்சி தசையின் நோய் மட்டுமன்று. தணியாத அழற்சியின் நோயும் ஆகும்.

2. எதிர்ப்பாற்றலை முற்றும் ஒடுக்கிய மருந்துகள் தோற்றன. அதனை நெறிப்படுத்துவதே வேண்டப்படுவது.

3. இதயத்தில் செலுத்தப்படும் மஜ்ஜை அணுக்கள் தசையாக முளைப்பதில்லை. அவை நன்மை செய்யுமாயின் எதிர்ப்பாற்றலின் வழியே செய்கின்றன. அந்நன்மை, அழற்சி மிகுந்தவர்க்குக் கிடைக்கக்கூடும் என்பது நம்பிக்கையூட்டும் குறிப்பு. மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம் அன்று.

4. இந்தியாவில் இதயத் தளர்ச்சிக்கான குருத்தணுச் சிகிச்சை, ஆய்வுக்குள் மட்டுமே நிகழத்தக்கது.

5. குருத்தணு, தூதணு எனச் சொல்லைப் பிரித்து வழங்குதல் நோயாளியின் எதிர்பார்ப்பை உண்மையோடு பொருத்தும்.

நாளை ஓர் ஆய்வு வெற்றிபெறலாம். அழற்சி மிகுந்த இதயங்களுக்குத் தூதணு மருந்து உரிய ஒப்புதலுடன் வரலாம். அந்நாளில் அதனை வரவேற்கவும், அந்நாள் வரும்வரை கையிலுள்ள மாத்திரையை விடாதிருக்கவும் மக்களுக்குத் துணைநிற்பது தெளிந்த தமிழ். நம் மாணவர்கள் பலர் மலையூர்களிலிருந்தும் அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் வருபவர்கள். வீட்டில் மருத்துவச் சீட்டையும் ஒப்புதல் படிவத்தையும் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களையே சேர்கிறது. படித்துச் சொல்லும்போது 'முளைக்கும்' என்று சொல்லாமல், 'ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்வார்களாயின், அதுவே அவர்கள் கற்ற தமிழால் தம் ஊருக்குச் செய்யும் நற்றொண்டு.